ஆயிரம் மணல்மேடுகள்: ஒரு முதற்பயணத்தின் முன்னேற்பாடு



பாலை என்னும் சொல் தமிழ் கற்றோர்க்குப் புதியதன்று. அதனை ஐந்திணையுள் ஒன்றாக்கிப் பிரிவை அதற்கு உரிப்பொருளாக வகுத்த மரபு தமிழ் மரபு. ஆயினும் சங்கப் பாலை வேறு. இன்று நிலநூலார் பாலைவனம் என்று குறிக்கும் நிலம் வேறு. குறிஞ்சியும் முல்லையும் கோடையின் கொடுமையால் இயல்பு திரிந்து நிற்கும் நிலையே பழந்தமிழர் கண்ட பாலை. ஒரு மழை பெய்தால் அது மீண்டும் காடாகும், மலைச்சாரலாகும். அந்நிலத்து வழிச்செல்லும் தலைவனுக்கு நேரும் இடர்களைப் புலவர் விரிவாகப் பாடினர். ஆறலைகள்வர் வருவர், வற்றிய சுனை வரும், நிழலற்ற மரம் வரும். ஆனால் பொருள்வயிற் பிரிந்தவன் எத்தனை நாழி நீர் கொண்டு சென்றான், எத்தனை நாளைக்குச் சோறு கட்டினான் என்னும் கணக்கு அப்பாடல்களில் அரிது. அக்கணக்கையெல்லாம் புலவர் தலைவியின் கவலைக்குள் மறைத்து வைத்துவிட்டனர் போலும். இவ்வுரை அந்த மறைந்த கணக்கைப் பற்றியது. அதற்கு எடுத்துக்கொண்ட நிலமோ தமிழ்நிலம் அன்று. ஆஸ்திரேலியக் கண்டத்தின் நடுவே கிடக்கும் சிம்ப்சன் பாலைவனம்.

தெற்கு ஆஸ்திரேலியா, குயின்ஸ்லாந்து, வடக்கு ஆட்சிப்பகுதி ஆகிய மூன்றும் கூடும் எல்லையில் இப்பாலைவனம் பரந்துள்ளது. ஏறத்தாழ 1,100 மணல்மேடுகள், ஏர் உழுத சால்போல் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஒன்றையொன்று ஒட்டி ஓடுகின்றன. அவற்றுட் சில 200 கிலோமீட்டருக்கும் மேல் இடையறாது நீள்கின்றன. நிறம் செம்மை. ஆண்டு மழை ஏறத்தாழ 150 மில்லிமீட்டர். கோடைப் பகலில் வெப்பம் 45 பாகையைத் தாண்டும். குளிர்கால இரவில் குவளை நீர் உறையும். 1929இல் வானூர்தியிலிருந்து இதனை நோக்கிய நிலநூலறிஞர் செசில் மாடிகன், அடிலெய்டு நகரத் தொழிலதிபரும் புவியியற் கழகத் தலைவருமான ஆல்ஃபிரட் ஆலன் சிம்ப்சன் பெயரை இதற்கு இட்டார். அப்பெயர் இடப்படுவதற்கு முன்பு இந்நிலம் பெயரற்றுக் கிடந்தது என்று எண்ணுவது பிழை.

வாங்கங்குறு மக்கள் இம்மணல்மேடுகளுக்கிடையே வாழ்ந்தனர். 'மிகிரி' என்று அவர்கள் அழைத்த கிணறுகளே அவ்வாழ்வின் அடிப்படை. ஓராள் நுழையுமளவே ஒடுங்கி, பல மீட்டர் ஆழ்ந்து செல்லும் அக்கிணறுகளின் இடம் அறியாதவன் அவற்றின் அருகே நடந்தாலும் காணமாட்டான். 1886இல் டேவிட் லிண்ட்சே என்னும் நில அளவையாளர் ஒரு வாங்கங்குறு வழிகாட்டியின் துணையுடன் கிணறு கிணறாகச் சென்று குயின்ஸ்லாந்து எல்லையை எட்டினார். நூற்றாண்டின் இறுதியில் அம்மக்கள் பாலையை விட்டு வெளியேறினர். அவர்தம் மொழியும் இடப்பெயர்களும் முற்றும் அழிந்துபோகாமல் எஞ்சியமைக்கு லூயிஸ் ஹெர்கஸ் என்னும் பெண் அறிஞர் ஒரு காரணம். செருமனியில் பிறந்து, ஆஸ்திரேலியாவில் வடமொழி பயிற்றிய அவர், மிக் மக்லீன் இரின்யிலி என்னும் வாங்கங்குறு முதியவரிடமிருந்து கதைகளையும் கிணற்றுப் பெயர்களையும் கேட்டுப் பதிவு செய்தார். அம்மொழியின் இலக்கணத்தை 1994இல் நூலாக்கினார். வடமொழி வல்லார் ஒருவர் மணற்காட்டு முதியவரின் காலடியில் அமர்ந்து இலக்கணம் எழுதிய செய்தி மொழி பயில்வோர் நெஞ்சில் நிற்கத்தக்கது. கிணறுகளின் பெயர் வரிசையே அம்மக்களின் பயண வரைபடம். அதைப் பாட்டாகவும் கதையாகவும் மனத்தில் ஏற்றியவனுக்கு வேறு முன்னேற்பாடு வேண்டியதில்லை.

வெளியிலிருந்து வந்தோர்க்கோ முன்னேற்பாடே உயிர். அதில் முதற்பிழை செய்தவர் பெரும்புகழ் பெற்ற சார்ல்ஸ் ஸ்டர்ட். கண்டத்தின் நடுவே உள்நாட்டுக் கடல் ஒன்று இருக்கும் என்று நம்பிய அவர், 1844இல் புறப்பட்டபோது ஒரு படகையும் ஏற்றிச் சென்றார். 1845இல் அவர் கண்டது கடலை அன்று. அலைபோல் அடுத்தடுத்து எழுந்த மணல்மேடுகளை. அதன் விளிம்பிலிருந்தே அவர் திரும்பினார். அவருடைய துணைத்தலைவர் உயிருடன் மீளவில்லை. விரும்பிய நிலத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டு, இருக்கும் நிலத்துக்குள் நுழைவோர் இன்றும் உளர். கடைவீதியில் கண்ட பளபளப்பான கருவிகளையெல்லாம் வண்டியில் ஏற்றிவிட்டு, குடிநீரைக் குறைப்போர் படகு கொண்டுசென்றவரின் வழித்தோன்றல்களே.

1936இல் டெட் கோல்சன், பீட்டர் ஐன்ஸ் என்னும் பழங்குடித் துணைவருடன் ஒட்டகங்களில் இப்பாலையைக் கடந்து பேர்ட்ஸ்வில் ஊரை அடைந்தார். 1939இல் மாடிகன் ஒன்பதின்மர் கொண்ட குழுவுடனும் 19 ஒட்டகங்களுடனும் கடந்தார். ஒட்டகத்துக்குரிய இந்நிலத்துள் பொறிவண்டியைச் செலுத்த மனிதன் மேலும் கால் நூற்றாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று.

மணலில் பொறிவண்டி செலுத்தும் கலையைக் கற்றுத் தந்தவர் ரால்ஃப் பாக்னால்டு. பிரித்தானியப் படையின் பொறியாளரான அவர், 1920களின் பிற்பகுதியிலும் 1930களின் தொடக்கத்திலும் எகிப்து, லிபியா நாடுகளின் மணற்கடலில் ஃபோர்டு வண்டிகளை ஓட்டிப் பழகினார். அவை நாற்சக்கர விசை பெற்றவையும் அல்ல; பின்சக்கர விசை ஒன்றையே நம்பிய எளிய கார்கள். அவர் வகுத்த முறைகளுள் மூன்று இன்றும் மணற்பயணத்துக்கு அடிப்படை. முதலாவது, டயரில் காற்றைக் குறைத்தல். இரண்டாவது, புதைந்த சக்கரத்தின் கீழ் இரும்புத் தகடுகளைச் செருகி மேலேற்றுதல். மூன்றாவது, கொதித்து ஆவியாகும் ரேடியேட்டர் நீரை வீணாக்காமல் குழாய் வழியே ஒரு தண்ணீர்க் கலத்துள் செலுத்திக் குளிர்வித்து, எஞ்சின் ஆறும்போது தானே உறிஞ்சிக்கொள்ளும்படி அமைத்தல். வண்டியின் இரும்பு திசைகாட்டும் காந்த ஊசியைக் குழப்பியதால், நிழலைக் கொண்டு திசையறியும் கதிரவன் திசைகாட்டியையும் அவர் செப்பம் செய்தார். பின்னாளில் மணலின் இயக்கத்தையே பொருளாகக் கொண்டு 1941இல் அவர் எழுதிய அறிவியல் நூல், மணல்மேடுகளை ஆய்வோர் இன்றும் எடுத்தாளும் நூல்.

டயரின் காற்று பற்றிச் சற்று விரித்துரைப்பது தகும். முதற்பயணிகள் நம்ப மறுக்கும் செய்தி அதுவே. மணலில் சிக்கும் வண்டிக்கு மேலும் விசை வேண்டும் என்றே எவர்க்கும் தோன்றும். விசை கூட்டக் கூட்டச் சக்கரம் தனக்குத் தானே குழி பறித்துக்கொள்கிறது. சாலையில் சதுர அங்குலத்துக்கு 35 பவுண்டு காற்றழுத்தம் கொண்ட டயரை மணலில் 15 முதல் 18 வரை தளர்த்தினால், அது அகலத்தில் சிறிதும் நீளத்தில் மிகுதியும் பரந்து மண்ணைத் தழுவுகிறது. அதே எடை பெரிய பரப்பின் மேல் பகிரப்படுகிறது. ஒட்டகத்தின் பாதம் இயற்கையில் பெற்ற பண்பும் இதுவே. ஆனால் தளர்ந்த டயரில் விரைந்தோடினால் பக்கச்சுவர் சூடேறிக் கிழியும். சடுதியில் திருப்பினால் வளையத்தை விட்டுக் கழன்றுவிடும். எனவே காற்றை இறக்கும் முடிவு, வேகத்தையும் இறக்கும் முடிவு. மீண்டும் கெட்டிச் சாலை சேரும்போது காற்றேற்றச் சிறு அமுக்கி ஒன்றும், அழுத்தமானி ஒன்றும் இல்லாத வண்டி புறப்படவே கூடாது.

1962ஆம் ஆண்டு செப்டம்பரில் சிம்ப்சன் பாலையை முதன்முதலாகப் பொறிவண்டியில் கடந்தவர்கள் படைவீரர்கள் அல்லர், ஒரு குடும்பத்தினர். நிலநூலறிஞர் ரெக் ஸ்பிரிக், அவர் மனைவி கிரிசெல்டா, சிறுவயது மகள் மார்கரெட், மகன் டக்ளஸ் ஆகிய நால்வர். வண்டி, சப்பானில் செய்த நிசான் பேட்ரோல். ஸ்பிரிக்கின் பெயரை அறிவியலார் வேறொரு காரணத்துக்காகப் போற்றுவர். 1946இல் எடியகாரா குன்றுகளில் தொல்லுயிர்களின் பதிவுகளைப் பாறையில் கண்டவர் அவர். உலக வரலாற்றின் ஒரு காலப்பகுதிக்கே இன்று எடியகாரக் காலம் என்று பெயர். அத்தகைய அறிஞர், ஆளரவமற்ற மணலுள் தம் மக்களை அழைத்துச் சென்றது துணிவா, பொறுப்பின்மையா என்று கேட்போர் அன்றும் இருந்திருப்பர். பாலையும் அதன் ஓரங்களும் அவர் தொழிற்களம் என்பதை மறத்தலாகாது. அறியாத இடத்துக்கு அவர் மக்களை அழைத்துச் செல்லவில்லை; பிறர் அறியாத இடத்துக்கே அழைத்துச் சென்றார்.

கிரிசெல்டா ஸ்காட்லாந்தில் பிறந்தவர். பல்லாண்டு கழித்து, 2001இல், அப்பயணங்களைப் பற்றி அவர் நூலொன்று வெளியிட்டார். 'மணல்மேடு என்பது நான்கெழுத்துச் சொல்' என்பது அதன் தலைப்பின் பொருள். ஆங்கிலத்தில் நான்கெழுத்துச் சொல் என்றால் அவையில் கூறத்தகாத வசை. மணல்மேட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் நான்கு எழுத்தே. ஒரு தலைப்பிலேயே நூறு மணல்மேடுகளின் அலுப்பையும் அடக்கிவிட்டார் அவர். மாடிகனின் நூலும் ஸ்டர்ட்டின் நூலும் ஆடவர் குழுக்களின் வரலாறு. மண்ணையும் ஒட்டகத்தையும் பேசுவன. தாயொருத்தி அதே மணலில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நாள் கழித்ததை எழுதியமையால் கிரிசெல்டாவின் நூல் அவற்றோடு சேர்த்துப் படிக்கத்தக்கதாகிறது. சங்கத் தலைவி வீட்டில் காத்திருந்தாள். இவர் வண்டியில் ஏறினார்.

அப்பயணத்தின்போது ஸ்பிரிக் மீட்டெடுத்த பொருளொன்று உண்டு. மூன்று ஆட்சிப்பகுதிகளும் கூடும் எல்லையை 1880இல் அளந்த அகஸ்டஸ் பெப்பல், அவ்விடத்தில் மரத்தூண் ஒன்றை நட்டார். தூண் உப்பேரி ஒன்றின் நடுவே நின்றது. பின்னர் ஆய்ந்தபோது, அவர் பயன்படுத்திய அளவுச் சங்கிலி தேய்ந்து ஏறத்தாழ ஓர் அங்குலம் நீண்டுவிட்டது தெரிந்தது. ஒரு சங்கிலிக்கு ஓர் அங்குலம் எனச் சேர்ந்து சேர்ந்து, இறுதியில் தூண் ஏறத்தாழ 300 மீட்டர் விலகிவிட்டது. லாரன்ஸ் வெல்ஸ் என்பார் 1884இல் அதை ஏரிக்கரைக்கு மாற்றி நட்டார். அத்தூணையே ஸ்பிரிக் அடிலெய்டுக்குக் கொண்டுவந்தார். பாலைப் பயணம் திட்டமிடுவோர் அந்த ஓர் அங்குலத்தை மனத்தில் இருத்திக் கணக்கைத் தொடங்குதல் நன்று.

இனிக் கணக்கு. கணவன் மனைவி இருவர், ஒரே வண்டியில் முதன்முறை கடக்க விழைகின்றனர் என்று கொள்வோம். மேற்கே மவுண்ட் டேர் என்னுமிடத்தில் கடைசியாக எரிபொருள் கிட்டும். அடுத்துக் கிட்டுமிடம் கிழக்கே பேர்ட்ஸ்வில். இடையே ஏறத்தாழ 500 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டருக்கு 12 லிட்டர் டீசல் குடிக்கும் வண்டி, மணலில் 20 லிட்டரும் குடிக்கும். ஆக 100 லிட்டர். எய்ர் ஓடையில் வெள்ளம் வந்திருந்தால் சுற்றுவழி போக வேண்டும்; பின்வாங்கவும் நேரலாம். ஆகவே பாதி கூட்டி 150 லிட்டர். நீர், ஓராளுக்கு ஒரு நாளைக்கு 10 லிட்டர். கடக்க ஐந்து நாள். பழுதுற்றுக் காத்திருக்க மூன்று நாள். இருவர்க்கும் 160 லிட்டர். நீரின் எடை 160 கிலோ. டீசலின் எடை ஏறத்தாழ 126 கிலோ. இருவர் எடை 140 கிலோ. உதிரி டயர் இரண்டு, கருவிப் பெட்டி, மீட்புக் கயிறு, தோண்டு மண்வெட்டி, கூடாரம், உணவு ஆகியவற்றுக்கு மேலும் 200 கிலோ. கூட்டினால் 600ஐக் கடந்துவிடுகிறது. இவ்வகை வண்டிகள் பலவற்றின் சுமைத்திறனே அவ்வளவுதான்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. உயிர் காக்கும் ஒவ்வொரு லிட்டரும் வண்டியை மணலில் ஆழப் புதைக்கிறது. புதையும் வண்டி மேலும் டீசலைக் குடிக்கிறது. எனவே முன்னேற்பாட்டின் பெரும்பகுதி எதைச் சேர்ப்பது என்பதன்று. எதை விடுப்பது என்பதே. கணவன் நாற்காலியை விடமாட்டான். மனைவி இரண்டாம் கம்பளியை விடமாட்டாள். இப்பூசல் வீட்டு முற்றத்திலேயே நடந்து முடிவது நன்று. ஒரே நெறி, நீரைக் குறைத்து வேறெதற்கும் இடம் தரலாகாது. அதனை ஒரே தொட்டியில் வைத்தலும் ஆகாது. தொட்டியில் ஒரு துளை விழுந்தால் கணக்கு முழுதும் மணலுக்கே. கூரைமேல் சுமையேற்றினால் மேட்டின் சரிவில் வண்டி சாயும். கனமானவை அடியிலும் நடுவிலும் அமைதல் வேண்டும். இழுவண்டி பூட்டிச் செல்வதை அறிந்தோர் எவரும் பரிந்துரைப்பதில்லை.

காலம் மே முதல் செப்டம்பர் வரை. டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பூங்கா மூடப்படும்; அது வெறும் சட்டமன்று, வெயிலின் ஆணை. தெற்கு ஆஸ்திரேலியப் பகுதிக்கு நுழைவுச்சீட்டு முன்கூட்டியே பெறவேண்டும். 2021 முதல் அப்பகுதி முங்கா திர்ரி–சிம்ப்சன் பாலைவனத் தேசியப் பூங்கா என்னும் பெயர் கொண்டது. முங்கா திர்ரி வாங்கங்குறுச் சொல். இரின்யிலியின் மொழி பெயர்ப்பலகைக்கேனும் திரும்பி வந்தது. வழி, 1960களில் எண்ணெய் தேடிய பிரெஞ்சு நிறுவனத்தார் நேர்கோடாக வெட்டிய பிரெஞ்சுத் தடம். அதனின் எளிய சுற்றுத் தடங்களும் உண்டு. மேற்கிலிருந்து கிழக்கே செல்வதே முதற்பயணிக்கு உகந்தது. மேடுகளின் மேற்குச்சாய்வு மெல்லியது, கிழக்குச்சாய்வு செங்குத்தானது.

மேட்டின் மறுபக்கம் எதிரே வருவது எது என்று ஏறுவோர்க்குத் தெரியாது. எனவே தரையிலிருந்து 3.5 மீட்டர் உயரத்தில் பறக்கும் கொடியொன்று வண்டிமுன் கட்டப்படுதல் கட்டாயம். வானொலிக் கருவியில் பத்தாம் அலைவரிசையில் தம் இடத்தைச் சொல்லிக்கொண்டே செல்வது அங்குள்ள வழக்கம். அடிவாரத்தில் தேர்ந்த கியரை நடுச்சரிவில் மாற்றலாகாது. ஏற இயலாது நின்றுவிட்டால் பக்கவாட்டில் திரும்பாமல், வந்த தடத்திலேயே நேர்பின்னாக இறங்கவேண்டும். திரும்பினால் வண்டி உருளும். ஸ்பினிஃபெக்ஸ் என்னும் முட்புல்லின் விதைகள் ரேடியேட்டரை அடைக்கும். வண்டியின் அடியில் குவிந்து புகைபோக்கியின் சூட்டில் தீப்பற்றும். மாலைதோறும் வண்டிக்கடியில் படுத்து அப்புல்லைப் பறித்தல் முதற்பயணிகள் எண்ணிப் பாராத வேலை. அதையும் நாட்கணக்கில் சேர்க்க வேண்டும்.

1963 டிசம்பரில், இப்பாலையின் கிழக்கோரத்துப் பேர்ட்ஸ்வில் தடத்தில் ஒரு குடும்பத்தினர் ஐவர் மாண்டனர். வழி தவறி வண்டி நின்றது, நீர் தீர்ந்தது, அவர்கள் வண்டியை விட்டு அகன்றனர். தேடிச் சென்றோர் முதலில் கண்டது வண்டியை, பின்னரே அவர்களை. நடுக்கோடையில் மனிதன் நடந்து செல்லும் தொலைவு மிகச் சிறிது. வானிலிருந்து நோக்குவோர்க்கு வண்டி தெரியும், மனிதன் தெரியான். ஆகவே, எது நேரினும் வண்டியை விட்டு அகலலாகாது என்பதை இருவரும் புறப்படுமுன் வாய்விட்டுச் சொல்லி ஒத்துக்கொள்ளவேண்டும் என்பர் அனுபவம் மிக்கோர். தாகம் வந்தபின் அறிவு தனியே பேசாது, தாகமே பேசும். செயற்கைக்கோள் தொலைபேசியும் இடர்க்குறி அனுப்பும் கருவியும் இன்று வாடகைக்கும் கிடைக்கின்றன. அவை வந்தபின் அஞ்சாமை பெருகிவிட்டது. உதவி வரும் என்பது உண்மை. எத்தனை நாழிகையில் வரும் என்பதை அக்கருவி சொல்வதில்லை.

புறப்படும் முன் வார இறுதி ஒன்றில் அருகிலுள்ள மணற்பாங்கான இடத்தில் முழுச் சுமையுடன் ஓட்டிப் பழகுதல் வேண்டும். வேண்டுமென்றே புதைத்து மீட்டுப் பார்ப்பதும் நன்று. அப்போதுதான் தூக்கி சரியாக அமராததும், கயிற்றின் கொக்கி வண்டியின் வளையத்துக்குப் பொருந்தாததும் தெரியவரும். வீட்டருகே தெரியவந்தால் அது சிரிப்புக்குரியது.

செல்லும் வழி, தங்கும் இடங்கள், சென்றுசேரும் நாள், அந்நாளுக்குப் பின் எத்தனை நாள் பொறுத்துக் காவல்துறைக்கு அறிவிப்பது என்பன எழுதிய தாள் ஒன்று ஊரில் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் இருத்தல் வேண்டும். கடைசி மேடு 'பிக் ரெட்', ஏறத்தாழ 40 மீட்டர் உயரம். அதன் உச்சியிலிருந்து பேர்ட்ஸ்வில் 35 கிலோமீட்டர். அங்கே சேர்ந்து டயருக்குக் காற்றேற்றி முடித்தவுடன் செய்யவேண்டிய முதல் வேலை குளிப்பதோ உண்பதோ அன்று. தாள் வைத்திருப்பவரைத் தொலைபேசியில் அழைப்பது. களிப்பில் அதை மறந்துவிட்டவர்களைத் தேடி ஊர்திகள் புறப்பட்ட நிகழ்வுகளும் உண்டு.